மூன்று எழுத்தில் நான் முடித்துவைத்த வார்த்தை

உங்களில் யாருக்காவது வேகமாக ஊகிக்கும் திறமை இருந்தால், இதை முதலில் அவருக்குத்தான் எழுதுகிறேன். மற்ற மூன்று பேரும் கூடவே படித்துக்கொள்ளலாம்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் நான்கு பேருக்கும் அரை மணி நேரம் ஏதாவது பேசுங்கள் என்று நம் பேச்சுப் பயிற்சி மையத்திலிருந்து கூப்பிட்டார்கள். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். முப்பத்தொரு வருஷம் திருச்சியில் மற்றவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்துப் பிழைத்தவளுக்கு மைக்கைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள். தவிர, நான் பேசி முடித்ததும் நீங்கள் கைதட்டுவீர்கள், டீயும் பிஸ்கட்டும் வரும். இந்த விஷயத்துக்கு யாரும் கைதட்டுவதை என்னால் பார்க்க முடியாது. அதனால் எழுதித் தருகிறேன்.

எழுத்துப் பலகையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். வாயும் கையும் நின்றுபோய், கண் மட்டும் மிச்சமிருப்பவர்களுக்கு நாம் வைக்கிற பலகை. ஆங்கில எழுத்து இருபத்தாறும் அதில் இருக்கும். நாம் எழுத்து எழுத்தாக விரலை நகர்த்தி, வாயாலும் சொல்லிக்கொண்டு போவோம்; அப்படி ஒரு தடவை போவதுதான் ஒரு நடை. தனக்கு வேண்டிய எழுத்து வரும்போது அவர் கண்ணை மேலே தூக்குவார். கேள்வி கேட்டாலும் அப்படித்தான். மேலே பார்த்தால் ஆமாம், கண்ணை மூடினால் இல்லை.

ஏன் தமிழ்ப் பலகை இல்லை என்று கேட்பீர்கள். இருக்கிறது, நானே இரண்டு செய்தேன். உயிருக்கு ஒரு நடை, மெய்க்கு ஒரு நடை என்று ஒரே எழுத்துக்கு இரண்டு முறை நடக்க வேண்டும். கண்ணில் தெம்பு இருக்கிறவர்களுக்குச் சரி. தெம்பு குறைந்தவர்கள் ஆங்கில எழுத்துக்கு வந்துவிடுவார்கள். சிலர் அதிலும் போனில் தட்டுகிற மாதிரி தமிழையே கொடுப்பார்கள். எந்த மொழி என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு முழு வார்த்தையை எழுத்து வரிசைப்படி கொடுக்க அவர்களுக்குப் பத்து நிமிஷம் ஆகும். முடிப்பதற்குள் கண்ணில் நீர் வழியும். பார்க்கப் பரிதாபமாக இருக்கும். அதனால் நானாக ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். முதலிலிருந்து கடைசி வரை ஒரே ஒரு நடை. அவர் நினைத்திருக்கும் வார்த்தையில் உள்ள எழுத்துகள் வரும்போது மட்டும் கண்ணைத் தூக்கினால் போதும், வரிசை வேண்டாம். கிடைத்த எழுத்துகளைப் போனில் தட்டினால், அந்த எழுத்துகள் எல்லாம் உள்ள ஆங்கில வார்த்தைகளைப் பட்டியல் போட்டுக் காட்டும். எழுத்து விளையாட்டு ஆடுகிறவர்கள் வைத்துக்கொள்கிற செயலிதான், வேறொன்றும் பெரிதில்லை. பட்டியலில் சின்ன வார்த்தைகள் முதலில் வரும், நீண்டவை கடைசியில். நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன், அவர் ஆமாம் என்கிற இடத்தில் நிறுத்துவேன். பெரும்பாலும் எனக்குப் பட்டியலே தேவைப்படாது. இரண்டு மூன்று எழுத்து வந்ததுமே சொல்லிவிடுவேன். செய்தித்தாளில் வரும் கலைந்த எழுத்துப் புதிரை பஸ் சத்திரம் ஸ்டாண்டுக்கு வந்து சேர்வதற்குள் முடித்துவிட்டு, பக்கத்து சீட்டுக்காரர் பார்க்கிறாரா என்று பார்க்கிற ஆள் நான்.

தொட்டியத்திலிருந்து ஒரு வாழை விவசாயி வந்தார். பத்தாவது படித்தவர், வாதத்தில் முழுக்க முடங்கியவர். ஒரு நாள் காலையிலிருந்து முகமே சரியில்லை. நடை போட்டதில் எம், ஓ, ஆர் என்று மூன்று எழுத்து கொடுத்தார். நான் உடனே, “மதரா? அம்மாவைத் தேடறீங்களா?” என்றேன். பக்கத்தில் இருந்த அவர் மனைவி, “அவங்க போய்ச் சேர்ந்து பத்து வருசம் ஆச்சுங்க. இருந்தப்பவே இவரு தேட மாட்டாரு,” என்றார். அவருக்கே சிரிப்பு வந்தது, கண்ணில் தெரிந்தது. அடுத்து, “மோட்டாரா?” என்றேன். கண் சடாரென்று மேலே போனது. மனைவி பதறிப்போய் ஊருக்குப் போன் போட்டார். தோட்டத்தில் மோட்டார் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மையம் முழுக்க இந்தக் கதை பரவியது. மூணு எழுத்து மேடம் என்று எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்பதை ஒளிக்கப் போவதில்லை.

அந்தப் பெயரோடுதான் ஸ்ரீரங்கத்தில் சம்பத் சார் வீட்டுக்குப் போனேன். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தசைகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போகும் நரம்பு நோய் அவருக்கு. நான் போனபோது பேச்சு நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது, கைவிரல் கடைசியாக ஆடிக்கொண்டிருந்தது. புத்தி மட்டும் கத்தி. தமிழா இங்கிலீஷா சார் என்று கேட்டேன், இங்கிலீஷுக்குத்தான் கண்ணை மேலே தூக்கினார். வேலை முழுக்க அதில்தான் எழுதினாராம்.

புது ஆளிடம் போனால் வீட்டாரிடம் ஒரு தாளைக் கொடுத்து, அவருக்குத் தேவைப்படக்கூடிய வார்த்தைகளையும் ஆட்களையும் எழுதித் தரச் சொல்வோம் இல்லையா? அவர் மனைவி வேதவல்லி மாமி கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஃபேன், வலி, திரும்பிப் படுக்கணும், பெருமாள், முரளி என்று எழுதிக் கொடுத்தார். முரளி அவர்கள் பையன், வெளிநாட்டில் வேலை. தாளை வாங்கிக்கொண்டு நான் கிளம்பும்போது மாமி என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார்.

“பொண்ணு ஒருத்தி இருக்கா. வைதேகி. தென்னூர்ல டீச்சரா இருக்கா. கிறிஸ்தவப் பையனைக் கல்யாணம் பண்ணிண்டு போயிட்டா, ஏழு வருஷமாச்சு. அவ பேர் இவர் காதுல விழப்படாதுன்னுட்டார். நீங்களும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்கோ.”

“சரி மாமி,” என்றேன். எனக்கென்ன வந்தது, வீட்டுக்கு வீடு இப்படி ஏதாவது இருக்கத்தான் செய்கிறது. அந்தத் தாளில் யார் பெயர் இல்லையோ அவரைப் பற்றி சம்பத் சாரால் பேச முடியாமல் போகும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்ற வேண்டும். தாளை வீட்டாரிடம் வாங்குங்கள், ஆனால் அது அவர்கள் எழுதியது என்பதை மறக்காதீர்கள்.

சம்பத் சாருக்கும் எனக்கும் நன்றாக ஒத்துப்போனது. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன். “பேரைக் கொடுத்தீங்கன்னா இந்தப் போன் திருதிருன்னு முழிக்கும் சார். டிக்‌ஷ்னரியில இருக்கற வார்த்தையா கொடுங்க. முரளி சாரைச் சொல்லணும்னா சன்னு கொடுங்க, மாமின்னா வைஃப்.” அவர் கண்ணை மேலே தூக்கினார். அதற்குப் பிறகு அவர் ஒரு பெயரைக்கூடக் கொடுத்ததில்லை.

ஒரு நாள் அவர் கொடுத்த எழுத்துகளிலிருந்து ஸ்லோ என்று கண்டுபிடித்து, ஓடிப்போய் ஃபேனைக் குறைத்தேன். கண்ணை மூடினார். டி.வி. சத்தத்தைக் குறைத்தேன். மறுபடி மூடினார். மாமி சிரித்துவிட்டார். “உங்களைத்தான் மெதுவாப் போகச் சொல்றார். நீங்க எக்ஸ்பிரஸ் மாதிரி போறேளாம்.” நானும் சிரித்தேன். ஒரு வாரம் மெதுவாகப் படித்தேன், பிறகு பழைய வேகத்துக்கே வந்துவிட்டேன்.

அடுத்த ஆறு மாதத்தில் விரலும் நின்றது. கண் மட்டும்தான். அதுவும் மந்தமாகிக்கொண்டு வந்தது. மேலே போன கண் கீழே வந்து பலகையைப் பிடிப்பதற்குள் நான் மூன்று எழுத்து தாண்டியிருப்பேன். எனக்கு அது தெரியும். தெரிந்தும் வேகத்தைக் குறைக்கவில்லை. வந்த எழுத்தை வைத்து மிச்சத்தைப் பிடித்துவிடலாம் என்ற கெட்டிக்காரத்தனம்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமி போன் செய்தார். மூச்சு திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் போனபோது முகமூடி போட்டு மெஷின் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

“தொண்டையில ஓட்டை போட்டுக் குழாய் வைக்கலாம் மேடம். வெச்சா சில மாசம் ஓடலாம், ஆனா மெஷினோடதான் இருக்கணும். வேண்டாம்னா இந்த மாஸ்க்தான். ரெண்டு மூணு நாள் தாங்கினா அதிகம். பையன் வைக்கணும்கறார். அம்மா யோசிக்கறாங்க. எனக்கு அவர்கிட்டயிருந்தே ஒரு பதில் வேணும், அதுக்குத்தான் உங்களைக் கூப்பிடச் சொன்னேன்.”

பலகையோடு கட்டிலருகே போனேன். மாமி கால்மாட்டில் நின்றார், கையில் போன், அதில் முரளி. டாக்டர் எனக்குப் பின்னால். நான் கேட்டேன்: “சார், தொண்டையில குழாய் வைக்கலாமா?”

அவர் மேலே பார்க்கவில்லை. கண்ணை மூடவும் இல்லை. இரண்டாவது முறை கேட்டேன். அப்போதும் இல்லை. கண்ணை நகர்த்திப் பலகையைப் பார்த்தார்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆமாம், இல்லை என்று சொல்லத் தெரிந்த மனிதர் இரண்டையும் சொல்லவில்லை என்றால், நம் கேள்வியில் அடங்காத ஒன்று அவரிடம் இருக்கிறது. எனக்கு அது புரிந்தது. புரிந்ததும் எனக்கு வந்தது பெருமை. டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார், எல்லாரும் என்னை நம்பி நிற்கிறார்கள், மூணு எழுத்து மேடம் இப்போது கண்டுபிடிக்கப் போகிறாள் என்று மனசு துள்ளியது. சாகக் கிடக்கிறவர் கட்டிலருகே நின்றுகொண்டு அப்படித் துள்ளியது. எழுதவே கூசுகிறது.

நடையைத் தொடங்கினேன். ஏ சொன்னதும் கண் மேலே போனது. பிறகு ஈ. பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. ஆர் சொன்னதும் ஒரு முறை. அதற்குப் பிறகு இசட் வரை போனேன், கண் ஏறவில்லை. மூன்று எழுத்து.

போனில் தட்டினேன். பட்டியல் இறங்கிக்கொண்டே போனது. இந்த மூன்று எழுத்தும் இல்லாத ஆங்கில வார்த்தை உண்டா என்று தோன்றும் அளவுக்கு இருந்தது. முரளி போனிலிருந்து கத்தினார்: “என்ன சொல்றார் மேடம்? போர்டிங் கூப்பிட்டுட்டாங்க, ஃபோனை அணைக்கச் சொல்றாங்க. சொல்லுங்க ப்ளீஸ்.” டாக்டருக்கு இன்னொரு வார்டிலிருந்து அழைப்பு வந்துகொண்டிருந்தது. நான் பட்டியலிலிருந்து தலையைத் தூக்கினேன். முகமூடிக் காற்றில் சம்பத் சார் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

“வாட்டரா சார்?” என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் கண் மெதுவாக மேலே போனது.

மாமி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். “தீர்த்தம் கேக்கறார்,” என்றார். “பெருமாள் தீர்த்தம் கேக்கறார். புறப்படறதுக்குத் தயாராயிட்டார். இதுக்கு மேல குழாயெல்லாம் வேண்டாம் டாக்டர். அவர் மனசு தெரிஞ்சுபோச்சு, விட்டுடுங்கோ.” போனில் முரளி அழுவது கேட்டது. “சரிம்மா. அப்பாவே முடிவு பண்ணிட்டார்னா சரி,” என்றார்.

அந்த ஊரில், அந்த வீட்டில், கடைசி நேரத்தில் ஒருவர் தண்ணீர் கேட்டால் அதற்கு அப்படித்தான் அர்த்தம். அதில் மாமி தப்பு ஒன்றும் இல்லை. நான்தான் வாயைத் திறந்திருக்க வேண்டும். குழாயைப் பற்றிக் கேட்டதற்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை, இன்னொரு நடை போடுகிறேன், இரண்டு நிமிஷம் கொடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டாக்டர் எழுதத் தொடங்கிவிட்டார். மாமி கோயில் தீர்த்தம் கொண்டுவர ஆளை அனுப்பிவிட்டார். எல்லாருக்கும் ஒரு முடிவு கிடைத்த நிம்மதி. அதைக் கொடுத்தவள் நான்.

பலகையை மடக்கிப் பையில் வைத்தேன். அவர் கண் பலகை இருந்த இடத்திலேயே இருந்தது. அதை நான் பார்த்தேன். “களைப்பா இருப்பீங்க சார், ரெஸ்ட் எடுங்க,” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தீர்த்தம் வந்ததும் முகமூடியை ஒரு நொடி விலக்கி, துளசியை நனைத்து உதட்டில் தடவினார்களாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் போய்விட்டார். முரளி சனிக்கிழமையே வந்து சேர்ந்திருந்தார். தென்னூருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, நம் மையத்துக்கு ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், கையில் ஹெல்மெட். “நான் சம்பத்தோட பொண்ணு,” என்றாள். தெரிந்தவர் மூலம் விஷயம் காதில் விழுந்து, பத்தாம் நாள் காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குப் போனாளாம். காரியம் நடக்கும் இடத்துக்கு வராமல் தூரத்துப் படியில் நின்றிருக்கிறாள். மாமி பார்த்துவிட்டார். அதிலிருந்து இரண்டு பேரும் போனில் பேசுகிறார்கள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மேடம். அப்பா என்னைக் கேட்டாரா?”

“இல்லைம்மா,” என்றேன். “கடைசியா தண்ணிதான் கேட்டார்.”

“அம்மாவும் அதைத்தான் சொன்னா. தீர்த்தம் கேட்டார், நிம்மதியா போனார்னு.” எழுந்தவள் நின்றாள். “பேச்சே இல்லையே அவருக்கு. எப்படிக் கேட்டார்?”

காட்டுகிறேன் என்று பலகையை எடுத்தேன். அந்த வெள்ளிக்கிழமை எப்படிப் படித்தேனோ அப்படியே, அதே வேகத்தில் அவளுக்கு எதிரே விரலை நகர்த்திப் படித்தேன். ஏ. “இங்க மேல பார்த்தார்.” ஈ. “இங்க.” ஆர். “இங்க.” அவள் மூச்சு விடாமல் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுத்த எழுத்துகளைச் சொல்லிக்கொண்டு போனேன். டபிள்யூவில் என் விரல் நின்றுவிட்டது.

வாட்டர் டபிள்யூவில்தான் தொடங்குகிறது. அவர் அதற்குக் கண்ணைத் தூக்கவில்லை. ஆர் முடிந்து கண் கீழே வர மூன்று எழுத்து நேரம். டபிள்யூ அதற்குப் பின் ஐந்தாவது எழுத்து, கண் பலகைக்குத் திரும்பிவந்து காத்திருக்க நேரம் இருந்தது. களைத்துப்போய் விட்டிருப்பார் என்று சொல்லவும் வழியில்லை. களைத்திருந்தால் கண்ணை மூடியிருப்பார். நான் மடக்கிய பிறகும் பலகை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

தண்ணீரா என்று கேட்டேன், உதடு காய்ந்திருந்தது, ஆமாம் என்றார். உண்மைதான். ஆனால் அவர் சொல்ல வந்தது அது இல்லை.

“என்ன மேடம்?” என்றாள் வைதேகி.

சும்மா இருந்திருக்கலாம். இசட் வரை படித்துவிட்டுப் பலகையை மறுபடி மடக்கியிருந்தால் அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஒரு நிமிஷம் அதைத்தான் நினைத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கண் மந்தமானது, நான் வேகம் குறைக்காதது, ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் வந்த மூன்று எழுத்து அவருக்குக் கிடைக்காமல் போனது, டபிள்யூ, எல்லாம்.

அவள் திரும்ப உட்கார்ந்தாள். “அப்ப வேற என்ன?”

போனை எடுத்து அதே மூன்று எழுத்தைத் தட்டினேன். அந்த வெள்ளிக்கிழமை படிக்காத பட்டியலை இப்போதுதான் படித்தேன், அவளும் நானும் சேர்ந்து. அவர் விட்டிருக்க முடியாத எழுத்து இருந்தால் அந்த வார்த்தையைத் தள்ளினோம். ஃபியர் மிஞ்சியது. பயம். ஹார்ட் மிஞ்சியது. பிரெத் மிஞ்சியது, மூச்சு. இன்னும் பல மிஞ்சின. பட்டியல் நீண்ட வார்த்தைகளுக்கு வந்தபோது அவள் விரலை வைத்தாள். டாட்டர், மகள். அதன் மிச்ச எழுத்துகள் எல்லாம் இந்த மூன்றையும் ஒட்டிப் பின்னால் வருகிறவை: ஏ-வுக்குப் பின் டி, ஈ-க்குப் பின் ஜி, எச், ஆருக்குப் பின் டீ, யூ. ஒன்றுகூட அவர் கண்ணுக்கு எட்டியிருக்காது.

வெளியே யாரோ ஒருவருக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது, ஆ, ஆ என்று சத்தம் கேட்டது.

“நான் ஆசைப்படறதால எனக்கு இது தெரியுதா மேடம்?” என்றாள்.

“இருக்கலாம்மா. மூச்சுன்னு சொல்ல வந்திருக்கலாம், குழாய் வைங்கன்னு. பயமா இருக்குன்னு சொல்ல வந்திருக்கலாம். உன்னைக் கூப்பிடுங்கன்னும் இருக்கலாம். எனக்குத் தெரியலை. அவர்கிட்டதான் கேட்டிருக்கணும். நான் கேக்கலை.”

“கேக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?”

“இன்னொரு நடை. ரெண்டு நிமிஷம்.”

அவள் தலையை ஆட்டினாள். “அன்னிக்கு மத்தியானம் எனக்கு ஃப்ரீ பீரியட். ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து பேப்பர் திருத்திண்டிருந்தேன். ஆட்டோவுல வந்திருந்தா பத்து நிமிஷம்.”

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போய்த் திரும்பினாள்.

“அம்மாகிட்ட இதைச் சொல்லிடாதீங்க மேடம். தீர்த்தம் கேட்டு வாங்கிண்டு போனார்னு எல்லார்கிட்டயும் சொல்லிண்டிருக்கா. அவளுக்கு இருக்கறது அது ஒண்ணுதான்.”

அதற்குப் பிறகு நான் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். அந்த இரண்டு வருஷத்தில் மூணு எழுத்து மேடம் என்று யாராவது கூப்பிட்டால் எரிந்து விழுந்தேன், அவர்களுக்குக் காரணம் புரியவில்லை. குறுக்குவழியை விடவில்லை, அது பலருக்கு உதவுகிறது. வேகத்தை ஒவ்வொருவர் கண்ணுக்கும் தக்கபடி தினமும் பார்த்து வைத்தேன். ஆமாம் என்று வந்த பிறகும், “நீங்க சொல்ல வந்தது இதுதானா, வேற இருக்கா?” என்று கேட்டேன். எத்தனை முறை வேற இருக்கு என்று கண் மேலே போனது தெரியுமா? முதல் வாரமே எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அதற்கு முந்தின வருஷங்களில் நான் அதைக் கேட்டதே இல்லை. நீங்களும் கேளுங்கள். யார் அவசரப்படுத்தினாலும் கேளுங்கள், பின்னால் டாக்டர் நின்றாலும் சரி. அவர் கண் பலகையில் இருக்கும்வரை பலகையை மடக்காதீர்கள்.

போன தை மாதம் ஸ்ரீரங்கம் தெற்கு வாசலில் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். யாரோ என் கையைப் பிடித்தார்கள். வேதவல்லி மாமி. இளைத்துப்போயிருந்தார், முகம் மட்டும் தெளிவாக இருந்தது. சன்னதியிலிருந்து வருவதாகச் சொல்லி, இலையிலிருந்த துளசியில் பாதியை என் கையில் வைத்தார்.

“தினம் உங்களை நினைச்சுப்பேன்,” என்றார். “ஒவ்வொருத்தர் கடைசில என்ன நினைச்சாளோன்னு தெரியாமலே போயிடறா. இவர் மனசுல இருந்ததை நீங்க மூணே எழுத்துல கண்டுபிடிச்சுச் சொன்னேள். கேட்டது கிடைச்சுது, ஒரு குறையும் இல்லாம போனார். இல்லையா?”

என் கையை விடாமல், பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாம் மாமி,” என்றேன்.